பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லவில்லை... ஆனாலும் ஹேக் ஆவது எப்படி?

"நான் யார்கிட்டயும் சொல்லவே இல்லியே கண்ணு, அப்புறம் எப்படிப் போச்சு?"

ஈரோட்டில் இருக்கும் என் சித்தி போனில் கேட்ட முதல் கேள்வி இதுதான். வீட்டில் இருந்தபடியே சேலை விற்கிறார். கடை என்று தனியாக எதுவும் கிடையாது. ஒரு சமூக வலைதளப் பக்கம்தான் அவருக்குக் கடை, ஷோரூம், கல்லாப்பெட்டி எல்லாமே. நான்கு வருடமாக ஒவ்வொரு சேலையாக விரித்து, போட்டோ எடுத்து, விலை போட்டு வளர்த்த பக்கம். ஒருநாள் காலையில் திறந்து பார்த்தால் சேலைகளைக் காணோம். '10,000 ரூபாய் போட்டால் ஒரே நாளில் 80,000' என்று கிரிப்டோ விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. 'அக்காவே சொல்றாங்களே' என்று நம்பி, வாடிக்கையாளர்களில் இரண்டு பேர் பணமும் அனுப்பிவிட்டார்கள்.

சித்தியின் பாஸ்வேர்டு, மகள் பெயரும் அவள் பிறந்த வருடமும். அவர் சொன்னது உண்மைதான், யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அதே பாஸ்வேர்டை ஆறேழு வருடங்களுக்கு முன்பு ஒரு கூப்பன் தளத்திலும் போட்டிருந்தார். அவருடைய மின்னஞ்சல் முகவரி ஏதாவது டேட்டா கசிவில் வந்திருக்கிறதா என்று நான் தேடிப் பார்த்தபோது, அந்தத் தளத்தின் பெயர் வந்து நின்றது. அந்தத் தளத்தையே சித்தி மறந்துவிட்டார். தளம் சித்தியை மறக்கவில்லை.

ஹேக்கர் யோசிப்பதில்லை

சினிமா ஹேக்கருக்கு இருட்டு ரூம், தலையில் ஹூடி, நெற்றியில் வியர்வை எல்லாம் இருக்கும். ஒரு நொடி கண்ணை மூடி யோசித்து ஹீரோயின் பெயரை டைப் செய்வார், உடனே உள்ளே போய்விடுவார். நிஜத்தில் உங்களுடைய பாஸ்வேர்டு என்னவாக இருக்கும் என்று யாரும் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. அவர்களிடம் ஏற்கெனவே பட்டியல் இருக்கிறது.

அப்படிப்பட்ட பட்டியல்களில் மிகப் பிரபலமானது 2009 டிசம்பரில் வெளியே வந்தது. ஃபேஸ்புக், மைஸ்பேஸ் போன்ற தளங்களுக்குச் சின்னச் சின்ன ஆப்கள் செய்துகொடுத்த 'ராக்யூ' என்ற அமெரிக்க நிறுவனத்தின் டேட்டாபேஸுக்குள் ஒருவர் நுழைந்தார். உள்ளே சுமார் 3.2 கோடி பாஸ்வேர்டுகள் எந்தப் பூட்டும் இல்லாமல், எழுத்து எழுத்தாக அப்படியே கிடந்தன. மக்கள் தனியாக இருக்கும்போது என்ன பாஸ்வேர்டு வைக்கிறார்கள் என்பதை இவ்வளவு பெரிய அளவில் உலகம் பார்த்தது அப்போதுதான்.

அதை இம்பெர்வா என்ற பாதுகாப்பு நிறுவனம் அலசியது. முதலிடம் 123456. சுமார் 2.9 லட்சம் பேர் அதையே வைத்திருந்தார்கள். அடுத்த இடங்களில் 12345, 123456789. நான்காவது இடத்தில் 'பாஸ்வேர்டு' என்ற வார்த்தையே. ஐந்தாவது 'ஐ லவ் யூ'. ஏழாவது இடத்தில் அந்தத் தளத்தின் பெயர்! இந்தப் பட்டியல் இன்றும் உயிரோடு இருக்கிறது. பாதுகாப்புச் சோதனை செய்பவர்கள் பயன்படுத்தும் காலி லினக்ஸ் என்ற இயங்குதளத்துடன் இலவச இணைப்பு மாதிரி கூடவே வருகிறது.

'ராக்யூ கவனமில்லாத கம்பெனி, எல்லாரும் அப்படியா?' என்று கேட்கலாம். பொறுப்பான நிறுவனங்கள் பாஸ்வேர்டை அப்படியே சேமிப்பதில்லைதான். 'ஹாஷ்' என்ற கணித முறையில் அதை அரைத்து வைக்கின்றன. அரிசியை மாவாக்கலாம், மாவைத் திரும்ப அரிசியாக்க முடியாது, அதுபோலத்தான். அதனால் திருடன் கையில் மாவு மட்டும்தான் கிடைக்கும்.

ஆனால் திருடனிடமும் கிரைண்டர் இருக்கிறதே. பட்டியலில் உள்ள ஒவ்வொரு பாஸ்வேர்டையும் அவனும் அதே முறையில் அரைக்கிறான். அவன் மாவும் உங்கள் மாவும் ஒத்துப்போனால் அரிசி எது என்று தெரிந்துவிடும். பழைய ஹாஷ் முறைகளாக இருந்தால், கேம் விளையாட வாங்கும் ஒரே ஒரு உயர்ரக கிராஃபிக்ஸ் கார்டு நொடிக்கு ஆயிரக்கணக்கான கோடி முறை இப்படி அரைத்துப் பார்க்கும். எட்டு சின்ன ஆங்கில எழுத்துகளில் மொத்தம் எத்தனை பாஸ்வேர்டு அமைக்க முடியும்? சுமார் 20,882 கோடி. கேட்கப் பெரிதாக இருக்கிறது. அந்தக் கார்டுக்கு அது சில நொடி வேலை.

முதல் எழுத்தைப் பெரிதாக்குவது, 'a' வடிவத்துக்குப் பதில் @ போடுவது, கடைசியில் 123 சேர்ப்பது... இதெல்லாம் நமக்கு மட்டுமே தோன்றிய ஐடியா என்று நினைக்கிறோம், இல்லையா? இந்த மாற்றங்கள் எல்லாம் அந்த மென்பொருள்களில் விதிகளாகவே எழுதப்பட்டிருக்கின்றன. 'தமிழ்ப் பெயரை இங்கிலீஷ்ல அடிச்சா அமெரிக்காக்காரனுக்கு எப்படித் தெரியும்?' என்று ஒரு நண்பன் கேட்டான். பட்டியலை எழுதியது அமெரிக்கர் இல்லை. கசிந்த தளங்களில் கணக்கு வைத்திருந்த நாம்தான் அதை எழுதிக் கொடுத்தோம்.

ஒரு சாவி, பத்து வீடு

சித்திக்கு நடந்தது இன்னும் எளிமையான விஷயம். ஒரு தளத்தில் கசிந்த மின்னஞ்சலையும் பாஸ்வேர்டையும் எடுத்து, மற்ற எல்லாத் தளங்களிலும் போட்டுப் பார்ப்பது. மனிதர் செய்வதில்லை, மென்பொருள் செய்கிறது. லட்சம் கணக்குகளில் போட்டு நூறு திறந்தாலும் அவர்களுக்கு லாபம்தான்.

இதில் மாட்டுவதற்குக் கம்ப்யூட்டர் தெரியாதவராக இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. 2012-ல் டிராப்பாக்ஸ் நிறுவனத்தின் ஊழியர் கணக்கு ஒன்று, திருடப்பட்ட பாஸ்வேர்டு மூலம் திறக்கப்பட்டது. அந்தக் காலத்தில் கசிந்த சுமார் 6.8 கோடி பயனர்களின் விவரம் 2016-ல் இணையத்தில் சுற்றத் தொடங்கியது. அதே 2016-ல் ஃபேஸ்புக் நிறுவனர் மார்க் ஸக்கர்பெர்க்கின் ட்விட்டர், பின்ட்ரெஸ்ட் கணக்குகளை ஒரு குழு கைப்பற்றியது. 2012-ல் லிங்க்டுஇன் தளத்தில் கசிந்த பாஸ்வேர்டே போதுமானதாக இருந்தது என்று அந்தக் குழு சொன்னது. அது என்ன பாஸ்வேர்டு தெரியுமா? 'டாடாடா'வாம்.

நம்மை இப்படிப் பழக்கியது யார்?

இப்படிப்பட்ட செய்தி வரும்போதெல்லாம் 'மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை' என்று ஒரு வரி வரும். எனக்கு அதில் முழுச் சம்மதம் கிடையாது.

முதலில் எண்ணிக்கையைப் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியாளர்கள் 2007-ல் சுமார் 5 லட்சம் பேரின் பழக்கத்தை ஆராய்ந்தார்கள். சராசரியாக ஒருவருக்குப் பாஸ்வேர்டு தேவைப்படும் கணக்குகள் 25. அவர் வைத்திருந்த பாஸ்வேர்டுகளோ ஆறரை. ஸ்மார்ட்போன் பரவுவதற்கு முந்தைய கதை இது. இன்று உங்கள் போனில் இருக்கும் ஆப்களை எண்ணிப் பாருங்கள். வங்கி, யுபிஐ, ரயில் டிக்கெட், மின்கட்டணம், சாப்பாடு, மளிகை, பிஎஃப், குழந்தையின் ஸ்கூல் ஆப். இத்தனைக்கும் தனித்தனியாக, புரியாத எழுத்துகளில், எங்கும் எழுதி வைக்காமல் மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றால் எந்த மனித மூளையால் முடியும்? அதிலும் போன் கீபோர்டில் ஒரு # போட வேண்டும் என்றால் இரண்டு பக்கம் தாண்ட வேண்டும்.

அடுத்து, விதிகள். 'ஒரு பெரிய எழுத்து, ஒரு எண், ஒரு குறியீடு, 90 நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள்' என்று ஆபீஸில் படுத்துகிறார்களே, அந்த மாதிரி விதிகள் உலகம் முழுக்கப் பரவ முக்கியக் காரணம் 2003-ல் வந்த ஓர் ஆவணம். அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் வெளியிட்டது. அதை எழுதிய பில் பர், ஓய்வு பெற்ற பிறகு 2017-ல் வால் ஸ்ட்ரீட் ஜர்னலுக்குக் கொடுத்த பேட்டியில், தான் செய்ததில் பெரும்பகுதிக்காக இப்போது வருந்துவதாகச் சொன்னார். காரணம், மனிதர்கள் விதியை மீறாமலேயே ஏமாற்றிவிடுவார்கள். குறியீடு வேண்டுமா, கடைசியில் ஒரு ஆச்சரியக்குறி. மாற்ற வேண்டுமா, 1-ஐ 2 ஆக்கு. வட கரோலினா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2010-ல் இதைச் சோதித்தார்கள். பழைய பாஸ்வேர்டு தெரிந்தால், 17 சதவீதக் கணக்குகளில் புதியதை ஐந்து முயற்சிக்குள் கண்டுபிடிக்க முடிந்தது. 2017-லேயே நிஸ்ட் தன் விதியைத் திருத்திவிட்டது: குறியீட்டுக் கட்டாயம் வேண்டாம், காரணமில்லாமல் மாற்றச் சொல்ல வேண்டாம், நீளமாக இருக்கட்டும், கசிந்த பட்டியலில் இருந்தால் ஏற்காதீர்கள். ஆனால் நம்முடைய பல ஆபீஸ்களில் இன்னும் 2003-தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

மூன்றாவது, நம் ஊர்ப் பழக்கம். இ-ஆதார் பிடிஎஃப் திறக்கப் பாஸ்வேர்டு என்ன? பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகள், பெரிய எழுத்தில். கூடவே பிறந்த வருடம். பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போனால், கடைப் பையன் 'பாஸ்வேர்டு என்ன?' என்று கேட்பதே இல்லை. 'எந்த வருஷம்ணா பொறந்தீங்க?' என்றுதான் கேட்கிறான். பெயர் தெரிந்தால் மீதி எளிது. வருடம் தெரியாவிட்டாலும் 1940-ல் ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் போட்டால் நூறு முயற்சிக்குள் திறந்துவிடும். பல வங்கி ஸ்டேட்மென்ட்டுகளும் பெயர், பிறந்த தேதியை வைத்துத்தான் வருகின்றன. வழியில் யாராவது சும்மா திறந்து பார்க்காமல் இருக்க அது உதவும், அவ்வளவுதான். ஆனால் வாழ்க்கையில் முதல்முறை ஸ்மார்ட்போன் வாங்கிய ஒருவருக்கு, அரசும் வங்கியும் சேர்ந்து 'பாஸ்வேர்டு என்றால் பெயரும் வருடமும்' என்று பாடம் எடுத்த மாதிரி ஆகிவிட்டது. சித்தி அந்தப் பாடத்தை நன்றாகப் படித்தார்.

செக்யூரிட்டி கேள்விகளும் இதே ரகம்தான். 'அம்மாவின் திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர் என்ன?' என்று கேட்பார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பலரும் அம்மா பெயரையே போட்டுவிடுவார்கள். ரேஷன் கார்டில் தொடங்கிக் கல்யாணப் பத்திரிகை வரை அச்சாகியிருக்கும் பெயர் அது. 2008-ல் அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளர் சாரா பேலினின் யாஹூ மின்னஞ்சலை ஒரு கல்லூரி மாணவர் திறந்தது இப்படித்தான். பிறந்த தேதி, பின்கோடு, கணவரை எங்கே சந்தித்தார் என்ற கேள்விகளுக்கு இணையத்திலேயே பதில் இருந்தது.

'என்கிட்ட என்ன இருக்கு எடுக்க?'

இதுதான் நான் அதிகம் கேட்ட பதில். உங்கள் கணக்கில் பணம் இல்லாமல் இருக்கலாம். உங்களை நம்பும் ஆட்கள் இருக்கிறார்களே. சித்தியிடம் திருடப்பட்டது சேலை இல்லை, 'அக்கா சொன்னா சரியா இருக்கும்' என்ற பெயர்.

ஒரு கணக்கு எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகும் என்பதற்கு பிரிட்டனில் ஓர் உதாரணம் இருக்கிறது. கேஎன்பி என்ற லாரி நிறுவனம். 158 வருடப் பாரம்பரியம், சுமார் 500 லாரிகள். 2023-ல் அகிரா என்ற கும்பல் உள்ளே புகுந்து எல்லா டேட்டாவையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. நிறுவனத்தால் எழ முடியவில்லை. சுமார் 700 பேருக்கு வேலை போனது. ஊழியர் ஒருவரின் பாஸ்வேர்டை யூகித்துத்தான் நுழைந்திருப்பார்கள் என்று கருதப்படுகிறது. அந்த ஊழியரிடம் இதைச் சொல்லவில்லை என்று நிறுவனத்தின் இயக்குநர் பிபிசியிடம் கூறியிருக்கிறார். இதைப் படித்த அன்று நான் என் ஆபீஸ் பாஸ்வேர்டை மாற்றினேன். அது என்னவாக இருந்தது என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகமும் தப்பவில்லை. 2025 அக்டோபரில் அங்கே நகைகள் திருடுபோன பிறகு, 2014-ல் நடந்த ஒரு பாதுகாப்புத் தணிக்கை வெளியே வந்தது. கண்காணிப்பு கேமரா சர்வரின் பாஸ்வேர்டு அப்போது 'லூவ்ர்' என்றே இருந்ததாம். திருடர்கள் அதைப் பயன்படுத்தியதாக யாரும் சொல்லவில்லை. அவர்கள் லிஃப்ட் வைத்த வண்டியில் வந்து, பால்கனி வழியாக ஏறிப் போனார்கள்.

சரி, இப்போ என்ன செய்யலாம்?

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுவீர்கள். முதலில் ஒன்றே ஒன்று: உங்கள் மின்னஞ்சல். வேறு எந்த ஆப்பில் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று அழுத்தினாலும் லிங்க் வந்து விழும் இடம் அதுதான். மின்னஞ்சல் போனால் மற்ற எல்லாம் பின்னாலேயே போகும். அதற்கு, வேறு எங்கும் பயன்படுத்தாத, நீளமான ஒரு பாஸ்வேர்டு வேண்டும்.

நீளமானதை எப்படி நினைவில் வைப்பது? தொடர்பே இல்லாத நான்கைந்து சொற்களைக் கோத்துவிடுங்கள். தேங்காய், லாரி, மூக்குத்தி, புதன்கிழமை என்ற மாதிரி (இதையே வைத்துவிடாதீர்கள்!). ஆங்கில எழுத்துகளில் அடிக்கும்போது எளிதாக 25 எழுத்தைத் தாண்டும். லாரியில் போகும் தேங்காய்க்கு மூக்குத்தி என்று ஒருமுறை கற்பனை செய்தால் மறக்கவும் மறக்காது. இது புது ஐடியா இல்லை. ஆர்னால்ட் ரைன்ஹோல்ட் என்பவர் 1995-லேயே 'டைஸ்வேர்' என்று ஒரு முறையைச் சொன்னார். 7,776 சொற்கள் கொண்ட பட்டியலில் இருந்து தாயக்கட்டை உருட்டிச் சொற்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான்கு சொற்களுக்கே 36 கோடி கோடிக்கும் மேற்பட்ட சேர்க்கைகள். ஐந்தாவது சொல் சேர்த்தால் அதுவும் 7,776 மடங்காகப் பெருகும். முக்கியம், சொற்கள் தற்செயலாக வர வேண்டும். பழமொழி, பாட்டு வரி, பஞ்ச் டயலாக் வேண்டாம். உங்களுக்குப் பிடித்த டயலாக் இன்னும் பல லட்சம் பேருக்கும் பிடிக்கும்.

மீதி ஐம்பது கணக்குகளுக்கு? அவற்றை நினைவில் வைக்க முயலவே வேண்டாம். பாஸ்வேர்டு மேனேஜர் என்பது அதற்காகத்தான். ஆண்ட்ராய்டில் கூகுளின் மேனேஜரும் ஐபோனில் ஆப்பிளின் மேனேஜரும் ஏற்கெனவே இருக்கின்றன, காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஒவ்வொரு தளத்துக்கும் அதுவே புதிதாக ஒன்றை உருவாக்கி, அதுவே ஞாபகம் வைத்துக்கொள்ளும். இன்னொரு நன்மையும் உண்டு. உங்கள் வங்கித் தளம் மாதிரியே இருக்கும் போலித் தளத்துக்குப் போனால் நம் கண் ஏமாறும், மேனேஜர் ஏமாறாது. முகவரி வேறு என்பதால் பாஸ்வேர்டை நிரப்பாமல் நின்றுவிடும்.

'எல்லா முட்டையையும் ஒரே கூடையிலயா?' என்ற பயம் நியாயமானதுதான். 2022-ல் லாஸ்ட்பாஸ் என்ற மேனேஜர் நிறுவனத்தில் இருந்தே வாடிக்கையாளர்களின் பெட்டக நகல்கள் திருடப்பட்டன. பெட்டகத்தைத் திறக்கும் முதன்மைப் பாஸ்வேர்டை வலுவற்றதாக வைத்திருந்தவர்களுக்குத்தான் அதில் ஆபத்து அதிகம். அதனால் மேலே சொன்ன சொற்கோவையை இங்கேயும் போடுங்கள், போனுக்கு உறுதியான பூட்டு வையுங்கள். ஒரே பாஸ்வேர்டை இருபது இடத்தில் வைப்பதை விட இது எவ்வளவோ மேல்.

அம்மா டைரியில் எழுதி வைத்திருக்கிறாரா? திட்டாதீர்கள். பாதுகாப்பு நிபுணர் புரூஸ் ஷ்னையர் 2005-லேயே, நல்ல பாஸ்வேர்டை எழுதிப் பர்ஸில் வையுங்கள் என்று எழுதினார். கசிந்த பட்டியலை வைத்திருப்பவன் உங்கள் வீட்டுப் பீரோவுக்கு வரமாட்டான். டைரியை ஆபீஸ் மேஜையில் வைக்காமல் இருந்தால் போதும், மானிட்டரில் ஒட்டாமல் இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்து, டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன். பாஸ்வேர்டு போனாலும் இரண்டாவது கதவு பூட்டியிருக்கும். மென்பொருள் வைத்து மொத்தமாக நடத்தும் தாக்குதல்களில் 99.9 சதவீதத்தை இது தடுக்கும் என்று மைக்ரோசாஃப்ட் 2019-ல் சொன்னது. எஸ்எம்எஸ் ஓடிபியை விட, 30 நொடிக்கு ஒருமுறை எண் மாறும் ஆத்தென்டிகேட்டர் ஆப் நல்லது. சிம்மை ஏமாற்றி மாற்றிக்கொள்ளும் மோசடி அதில் பலிக்காது. ஆனால் எண்ணை நீங்களே போனில் படித்துச் சொன்னால் எந்த ஆப்பாலும் காப்பாற்ற முடியாது.

சமீப காலமாகச் சில ஆப்கள் 'பாஸ்கீ உருவாக்கவா?' என்று கேட்கின்றன, பலரும் பயந்து மூடிவிடுகிறார்கள். மூட வேண்டாம். இதில் பாஸ்வேர்டே கிடையாது. ரகசியச் சாவி உங்கள் பக்கத்திலேயே இருக்கும், தளத்திடம் அதன் பொதுப் பாதி மட்டும். கைரேகை வைத்தால் லாகின். தளம் கசிந்தாலும் திருடனுக்குப் பிரயோஜனமான எதுவும் அங்கே இல்லை, அரிசியும் இல்லை, மாவும் இல்லை. ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து 2022-ல் இதற்கு ஆதரவு தருவதாக அறிவித்தன. எல்லாத் தளங்களும் மாற இன்னும் காலம் ஆகும்.

உங்கள் மின்னஞ்சல் ஏற்கெனவே கசிந்திருக்கிறதா என்று பார்க்க, ட்ராய் ஹன்ட் என்ற ஆஸ்திரேலியப் பாதுகாப்பு நிபுணர் 2013-ல் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் போன்ட்' தளத்தில் முகவரியைப் போட்டுப் பாருங்கள். நான் சித்திக்குப் பார்த்தது அதில்தான். பிறகு பழக்கதோஷத்தில் என்னுடையதையும் போட்டேன். ஆறு தளங்கள் வந்தன.

பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். பணம் அனுப்பிய இரண்டு பேரில் ஒருவர் அன்றே அழைத்தார், அவர் பணம் நடுவழியில் முடக்கப்பட்டது. இன்னொருவர் சித்தியிடம் கேட்கக் கூச்சப்பட்டு ஒரு வாரம் காத்திருந்தார். அவருக்குச் சித்தி மூன்று சேலைகள் அனுப்பி வைத்தார்.

பழைய பக்கம் இன்னும் கிடைக்கவில்லை. புதுப் பக்கத்தில் போன வாரம் வரை 412 பேர். பாஸ்வேர்டு ஐந்து சொற்கள், மளிகைக் கணக்கு நோட்டின் நடுப்பக்கத்தில் இருக்கிறது. மகளுக்கே காட்டவில்லையாம்.